பதினொன்றரைப் பாய்

கரையான் புற்றின் மேல் ஏறி நின்றால்தான்
என் போனில் ஒரு கோடு விழும்.
அப்படி நின்றுதான் படித்தேன்,
மினசோட்டாவிலிருந்து வந்த கடிதத்தை.
பதினொரு மாணவர்கள். பத்து நாட்கள்.
இருவர் இறைச்சி தொடமாட்டார்கள்.
ஒருவனுக்கு நிலக்கடலை ஆகாது,
வாசனை பட்டாலே தொண்டை அடைத்துக்கொள்ளுமாம்.

கீழே நின்றவர்களுக்குச் சிச்செவாவில் சொன்னேன்.
"கடலையா?" என்றாள் எனெலெசி.
இன்னொரு முறை சொல்லச் சொன்னாள்.
கீரையில் கடலை, பூசணி இலையில் கடலை,
பிள்ளைக்குப் பால் மறக்கடிக்கும் கஞ்சியில் கடலை,
அறுவடை முடிந்து வீட்டுக்கு வீடு
மூட்டை மூட்டையாய்க் கடலை.
"பாவம், எப்படித்தான் வளர்த்தாளோ அவனைப் பெற்றவள்"
என்றாள், துளி கேலியில்லாமல்.

மறுநாளே நான்கு உரல்கள் ஆற்றுக்கு உருண்டன.
மணல் போட்டுத் தேய்த்தார்கள்,
சாம்பல் போட்டுத் தேய்த்தார்கள்,
மூக்கை உள்ளே விட்டு முகர்ந்து
மறுபடி தேய்த்தார்கள்.
மரம் விடுமா?
கடைசியில் எனெலெசி
ஒரு மூட்டைக் கடலையை விற்றுப்
புது உரல் வாங்கி வந்தாள்.
அதில் உப்புக்கூட இடிக்க விடவில்லை யாரையும்.

அங்கேயும் மும்முரம்தான் போலிருக்கிறது.
நான்கு மாதமாய் வாரம் ஒரு படம் வந்தது,
பாதி திறந்தும் பாதி திறக்காமலும்.
பனி மூடிய வாசலில் மேஜை போட்டு
டோனட் விற்கிறார்கள்.
உறை மாட்டிய கைகளில் காசு டப்பா,
டப்பாவில் ஒட்டியிருப்பது எங்கள் பம்பு.
போன வருடம் எடுத்த படம்,
நாக்குத் தள்ளிய நாய் மாதிரி
கைப்பிடி தொங்குகிறது.
பக்கத்தில் நிற்பது தகோண்ட்வா.
வெயில் கூசி முகம் சுளித்தாள் அன்றைக்கு.
துயரம் என்று நினைத்திருப்பார்கள்.

அந்தப் பம்பு இப்போது ஓடுகிறது.

அதுதான் சிக்கல்.
சைக்கிள் கடை லாக்சன், இருபத்து மூன்று வயது,
போன செவ்வாய்க்கிழமை
பழைய ட்யூபில் வட்டமாய் இரண்டு துண்டு வெட்டி
உள்ளே செருகி
ஒரு கெட்ட வார்த்தையும் சொல்லி அடித்தான் பார்,
கொட்டியது தண்ணீர்.
கூலி ஒரு கோழி. இன்னும் கொடுக்கவில்லை.

கமிட்டி கூடியது.
தலைவர் தொண்டையைச் செருமினார்.
பனியில் நின்று காசு சேர்த்த பிள்ளைகள்,
வந்திறங்கி எதைச் செய்வார்கள்?
லாக்சன், அந்த ரப்பரைக் கழற்றிவிடேன்,
பத்தே நாள்.
யாரும் சிரிக்கவில்லை.
விருந்தாளியை வெறுங்கையோடு உட்கார வைப்பது
எங்களுக்கும் வழக்கமில்லை.
"பத்து நாள் ஆற்றுக்கு நடக்கப்போவது
உங்கள் காலா, என் காலா?" என்றாள் எனெலெசி.

லாக்சன் நகத்துக் கிரீஸைச் சுரண்டிக்கொண்டே சொன்னான்:
"ரப்பர் மழை வரைக்கும் தாங்காது.
அவர்கள் கொண்டுவரும் வாஷர் நல்ல சாமான்.
நான் கழற்றுகிறேன், அவர்கள் மாட்டட்டும்,
ஆளுக்கு ஒரு தடவை.
பொழுது சாய்வதற்குள் தண்ணீர் வர வேண்டும், அவ்வளவுதான்."

இதைப் பதிலாக எழுத வேண்டியது நான்.
மூன்று மாலை புற்றின் மேல் நின்றேன்.
பம்பு சரியாகிவிட்டது: அழித்தேன்.
பம்பு இன்னும் சரியாகவில்லை: அதையும் அழித்தேன்.
கடைசியில் இப்படிப் போனது:
பன்னிரண்டாம் நம்பர் ஸ்பானர் இங்கே இல்லை,
மறக்காமல் எடுத்து வாருங்கள்.
தண்ணீர் இருக்கிறது.
வாருங்கள்.

பதில் வந்தது, ஸ்பானரைப் பற்றியல்ல.
பிரெக்கன் என்பவன் ஆறடி ஐந்தங்குலமாம்,
படுக்கை போதுமா?

போதாது.
பள்ளி வராந்தாவில் உட்கார்ந்து
ஒரு பாயோடு அரைப் பாயைச் சேர்த்துத் தைக்கிறேன்.
இவன்தான் அந்தக் கடலைப் பையனா
என்று கேட்டுவிட்டுப் போகிறாள் எனெலெசி.
தெரியவில்லை.
யாராயிருந்தால் என்ன,
காலை வெளியே நீட்டித் தூங்கக் கூடாது.
இங்கே கொசு அதிகம்.